அம்மாவுடன் வீட்டில் இருந்தது யார்

டெட்ராய்ட்
பிப்ரவரி 9, 2017

அன்புள்ள ஐலா அக்காவுக்கு,

நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிந்துகொள்ளவே எனக்குச் சில நாட்கள் ஆயின. கடைக்குப் போன் செய்தால் உன் முதலாளியம்மா எடுக்கிறார். "அவ கை நெறய மாவு தம்பி, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறார். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் கடிதம். தபால்தலை எங்கே விற்கிறார்கள் என்று விசாரித்து வாங்கி வந்தேன், சிரிக்காதே.

போனில் நான் கேட்ட விதம் தவறு. பரீட்சைக்கு நடுவில், பேருந்தில் நின்றுகொண்டு கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்ட விஷயத்தை நீ முழுதாகக் கேட்கவே இல்லை. பாதியில் வைத்துவிட்டாய். இப்போது நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

ஜூன் மாதம் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். இரண்டு வருடமாக நான் வாங்கியது எல்லாமே ஏ. நுழைவுத் தேர்விலும் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது. இடிப்பது ஒரே ஒரு பருவம்தான். 2014 இலையுதிர் காலம், நரம்பு நோயில் அம்மா படுக்கையில் விழுந்த நேரம். கரிம வேதியியலில் எஃப், இயற்பியலில் எஃப், புள்ளியியலில் டி. இந்த மூன்றும் என் சராசரியைக் காலைப் பிடித்து இழுக்கின்றன. விண்ணப்பத்தை ஆள் படிப்பதற்கு முன்னாலேயே கணினி அந்தச் சராசரியைப் பார்த்து ஒதுக்கிவிடும் என்கிறார்கள்.

இங்கே மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல லோவெல் என்று ஒரு அம்மா இருக்கிறார். அவர் ஒரு வழி சொன்னார். வீட்டில் ஒருவர் சாகக் கிடந்து, மாணவன் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், அந்தப் பருவத்தை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடும்படி இப்போதும் மனு போடலாமாம். பட்டம் வாங்குவதற்குள் போட வேண்டும். ஒப்புக்கொண்டால் எஃப் இருந்த இடத்தில் 'விலகினார்' என்று மட்டும் நிற்கும். சராசரியில் சேராது.

அதற்கு அப்போது வீட்டில் இருந்த குடும்பத்தார் ஒருவர் கடிதம் தர வேண்டும். அப்பா வேலையாக ஏரிச் சரக்குக் கப்பலில் இருந்தார். ஆக, நீதான். முந்நூறு பேர் உட்காரும் வகுப்பு, யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று இங்கே யாரும் எடுப்பதில்லை. ஒருவருக்கும் இதனால் நஷ்டமில்லை அக்கா. ஒரே ஒரு கடிதம்.

உன் தம்பி,
வெய்க்கோ


டாமரக் லேக்
பிப்ரவரி 20, 2017

வெய்க்கோ,

முடியாது.

இந்த ஒரு வார்த்தையோடு உறையை ஒட்டியிருப்பேன். இன்றைக்குப் பனி கூரை உயரத்துக்கு நிற்கிறது, கடை திறக்கவில்லை, எனக்கும் வேறு வேலை இல்லை. அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

ஒருவருக்கும் நஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பருவத்தில் நீ வீட்டில் இருந்தது எத்தனை பொழுது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நவம்பரில் நன்றி சொல்லும் நாள் விடுமுறைக்கு வந்தாய். வியாழக்கிழமை வான்கோழியைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாய். வெள்ளிக்கிழமை மாமா பையன்களோடு மான் வேட்டைக்குப் போனாய். சனிக்கிழமை கிளம்பிவிட்டாய். அம்மாவுக்கு அப்போது கொஞ்சம் பேச்சு இருந்தது. நான் உன்னை எழுப்பப் போனபோது, "அவன தூங்க விடு ஐலா. பாவம், படிச்சுக் களைச்சு வந்திருக்கான்" என்றாள். என்ன படித்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. எஃப், எஃப், டி.

அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று சர்ச் கூடத்தில் நீ எழுந்து பேசியதும் எனக்கு மறக்கவில்லை. நான் சமையலறையில் காப்பிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. "அம்மாவ நாங்க ஒரு நாளும் தனியா விடல" என்றாய். நாங்களாம். ஊரே உன் முதுகைத் தடவிக் கொடுத்தது. ஹாம் சாண்ட்விச் தட்டோடு வந்த மர்ட்டிலா கிழவி என்னிடம், "உன் தம்பி என்னமா பேசறான், கேட்டியா?" என்றாள். கேட்டேன் என்றேன்.

அன்றைக்கு 'நாங்கள்' என்றாய், பொறுத்துக்கொண்டேன். இப்போது 'நான்' என்கிறாய். பாலத்தைத் தாண்டித் தெற்கே போய்விட்டால் மனிதன் பாலத்துக்கடியில் வாழும் பூதமாகிவிடுவான் என்று இங்கே எல்லோரும் கிண்டல் செய்வார்களே, அது கிண்டல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

எனக்குக் கடிதம் போடாதே.

ஐலா


டெட்ராய்ட்
மார்ச் 3, 2017

அக்கா,

போடாதே என்றாய், போடுகிறேன். நீ எழுதியதில் பொய் எதுவும் இல்லை. மான் வேட்டைக்குப் போனது உண்மை. ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. குடித்துக் கூத்தடித்தேன் என்று நினைத்திருப்பாய்.

கட்டிலில் கிடந்தேன். அவ்வளவுதான். செப்டம்பர் கடைசியில் ஒரு காலை எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. அறையில் கூட இருந்தவன் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து ரொட்டி கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போவான். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ போன் செய்வாயே, அதற்கு மட்டும் உட்கார்ந்துகொள்வேன், குரலில் தெரிந்துவிடக் கூடாதென்று. நீ சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன். வீட்டுக்கு வர பஸ் டிக்கெட் இரண்டு தடவை வாங்கினேன். ஏறவில்லை. அம்மாவை அப்படிப் பார்க்க எனக்குப் பயம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

லோவெல் அம்மாவிடம் மட்டும் முதலில் இதைத்தான் சொன்னேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஏதாவது டாக்டரப் பாத்தியா?" என்றார்.

"இல்ல மேடம்."

"கவுன்சிலர்? யார்கிட்டயாவது போனதுக்கு ஒரு சீட்டு?"

"இல்ல."

"அப்ப அத எழுதாத தம்பி. சீட்டு இல்லாத வியாதி சோம்பேறித்தனம்னுதான் படிக்கறவங்க எடுத்துக்குவாங்க. சீட்டு இருந்தா இன்னும் மோசம், டாக்டர் ஆனப்புறமும் படுத்துக்குவியான்னு யோசிப்பாங்க. வேற என்ன இருக்கு உங்கிட்ட?"

வேறு என்ன இருக்கிறது. அம்மா இருந்தாள். அம்மாவைப் பற்றிச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பேனாவை எடுத்துக்கொண்டு, "நீ வீட்ல இருந்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்று வாய் சொல்லிவிட்டது. படுத்துக் கிடந்தவனை யாருக்கும் பிடிக்காது அக்கா. தாயைப் பார்த்துக்கொண்டவனை எல்லோருக்கும் பிடிக்கும். என்னை இப்படி ஆக்கியதும் அம்மாவின் நோய்தானே. காரணம் ஒன்றுதான், காட்டும் படம்தான் வேறு.

கடிதத்தை நானே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். உனக்கு வேலை வைக்கவில்லை. உன் கையால் எழுதி, வங்கியில் நோட்டரி முத்திரை வாங்கி அனுப்பினால் போதும். கடைசித் தேதி ஏப்ரல் பத்து.

வெய்க்கோ


டாமரக் லேக்
மார்ச் 19, 2017

வெய்க்கோ,

நீ தட்டச்சு செய்து அனுப்பியதைப் படித்தேன்.

"காலையில் வெய்க்கோ அம்மாவின் தொண்டையில் சேர்ந்த சளியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பான். விரல்கள் உள்ளே மடங்கிவிடாமல் ஒவ்வொன்றாக நீட்டிவிடுவான். பேச்சு நின்ற பிறகு எழுத்துப் பலகையை முகத்துக்கு நேரே பிடித்து, அம்மாவின் கண் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்து வார்த்தை கூட்டுவான்."

எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு பிழைகூட இல்லை. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நான்தான் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சவுனா நீராவிக் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காமல் போனில் அழுதுகொண்டே உன்னிடம் சொன்னவை. மறுமுனையில் நீ ம், ம் என்பாய். இவன் காதிலேயே வாங்குவதில்லை என்று நினைப்பேன். நன்றாகத்தான் வாங்கியிருக்கிறாய்.

நீ படுத்துக் கிடந்ததை நம்புகிறேன். பாவமாகவும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போதே சொல்லியிருந்தால் கிளம்பி வந்திருக்க மாட்டேன், வர முடியாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் நீயும் பேசியிருக்கலாம். நானும் படுத்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன். எனக்கு ரொட்டி கொண்டுவந்து வைக்க ஆளில்லை.

முதலில் நான் எழுதிக் கொடுப்பதாகவே இல்லை. அப்பாவுக்கும் நீ எழுதியிருக்கிறாய் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. சாமர்த்தியம். ஏரியில் பனி உடைந்துவிட்டது, அடுத்த வாரம் கப்பலுக்குப் போகிறார். கடையில் நான் மாவுக்குள் கறி வைத்து மடித்த பாஸ்டியைப் பிய்த்துக் கெட்சப்பில் தோய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஐலா, அந்தப் பய கேட்டத எழுதிக் குடுத்துட்டியா?"

"பொய்யா எழுதச் சொல்றான்ப்பா."

"செத்தவளப் பத்தி என்ன பொய், என்ன நெசம். அவளே இருந்தா எழுதிக் குடுன்னுதான் சொல்லுவா. வீட்ல ஒருத்தனாவது மேல வரட்டும்."

"அப்ப நான்?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ இங்கதான இருக்க" என்றார்.

ஆமாம், இங்கேதான் இருக்கிறேன். நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எனக்கும் அப்போது ஒரு கல்லூரி இருந்தது. நம் ஊர்ச் சின்னக் கல்லூரிதான், நர்ஸ் படிப்புக்கு முந்தைய பாடங்கள். அக்டோபரில் அம்மா சவுனா படியில் விழுந்த மறுநாளிலிருந்து போகவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. போகாவிட்டால் நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

எழுதிவிட்டேன். 'ஐலா' என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் 'வெய்க்கோ' என்று எழுதிக்கொண்டே போனேன். வங்கியில் முத்திரை போடும் பெண் முழுவதையும் படித்துவிட்டு, "குடுத்து வச்சவங்க உங்கம்மா. இப்படி ஒரு புள்ள யாருக்குக் கெடைக்கும்?" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் சில்லறை எடுப்பதுபோலப் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

இத்துடன் இருக்கிறது. எடுத்துக்கொள். இதை நான் உனக்காகச் செய்யவில்லை, அப்பா மறுபடி அந்தப் பேச்சை எடுக்காமல் கப்பலுக்குப் போகட்டும் என்று செய்தேன்.

ஐலா


டெட்ராய்ட்
பிப்ரவரி 26, 2018

அன்புள்ள அக்கா,

ஒரு வருடமாக நீ பதில் போடவில்லை. மே மாதம் மனு நிறைவேறியதை எழுதினேன், கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்பினேன். இதற்காவது போடுவாய் என்று நினைக்கிறேன்.

இடம் கிடைத்துவிட்டது. நான் முதலில் ஆசைப்பட்ட கல்லூரியே. கடைசி இரண்டு வருடம் மாணவர்களை வடக்கே, நம் பக்கத்து மருத்துவமனைகளுக்கு அனுப்புகிற கல்லூரி இது. ஊருக்கே டாக்டராக வரலாம். அப்பாவிடம் சொன்னபோது அவர் பாரில் கூடியிருந்த கப்பல் நண்பர்கள் எல்லோருக்கும் போனை நீட்டினார், முன்பின் தெரியாத பத்துப் பேர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

நேர்முகத்தைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். கேட்டார்கள். "ஒரு பருவம் முழுக்க விலகியிருக்கீங்களே, என்ன ஆச்சு?" என்றார் ஒரு பெரியவர், நரம்பியல் மருத்துவர். எழுத்துப் பலகையைப் பற்றிச் சொன்னேன். அவர் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டார். "கடைசியா அம்மா அதுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். இதற்கு நான் தயாராகப் போகவில்லை. 'நன்றி' என்று சொன்னாள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்து கழிவறையில் போய் வாந்தி எடுத்தேன். இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஒன்று அக்கா, சொல்லும்போது நான் அந்த அறையில் இருந்த மாதிரியே இருந்தது. பலகையின் விளிம்பு கையில் பட்ட மாதிரி இருந்தது. இத்தனை தடவை சொல்லிச் சொல்லி எனக்கே அப்படி ஆகிவிட்டதோ என்னவோ.

நல்ல டாக்டராக இருப்பேன். அதையாவது நம்பு.

வெய்க்கோ


டாமரக் லேக்
ஏப்ரல் 8, 2018

வெய்க்கோ,

வாழ்த்துகள். இதைச் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டேன்.

அம்மா கடைசியாகப் பலகையில் சொன்னது 'நன்றி' இல்லை. அவளுக்கு அந்த வார்த்தை பழக்கமே கிடையாது, உனக்குத் தெரியாதா. 2015 மார்ச் மாதம், அவள் போவதற்கு இரண்டு நாள் முந்தி. முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து, மூன்றாவதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் பெயர். பிறகு 'எப்போ' என்றாள். நான், "வருவான்மா, கெளம்பிட்டான்" என்றேன். உன்னிடம் இதைச் சொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். நீ அந்த இடத்தில் வேறு ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டாய், இனி நான் எதற்கு வைத்திருக்க வேண்டும்.

இப்போது என் விஷயம்.

குளிர்காலத்தில் நானும் விண்ணப்பித்தேன். நர்ஸ் படிப்புக்கு. இருபத்தெட்டு வயதில் மாவு மடித்துக்கொண்டே செத்துப்போக வேண்டாம் என்று தோன்றியது. மார்ச்சில் பதில் வந்தது, தகுதி இல்லை. நேரில் போய்க் கேட்டேன். பதிவாளர் அலுவலகத்தில் கேசி என்ற பெண், நல்ல பெண்தான், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். 2014 இலையுதிர் காலம். உடற்கூறியல் எஃப். வேதியியல் எஃப். உளவியல் எஃப். போகாமல் நின்றுவிட்டால் நின்றதாகக் கணக்கில்லையாம். தேறவில்லை என்று கணக்காம்.

"அப்பவே ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே அக்கா. விலகுறேன்னு ஒரு வார்த்தை" என்றாள்.

"ஒரு கையில சளி எடுக்கற குழாய், ஒரு கையில எங்கம்மா தல. எந்தக் கையால பண்றது?" என்றேன்.

அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளாகவே சொன்னாள், உனக்கு உன் லோவெல் அம்மா சொன்னாரே, அதே வழியை. இந்தக் கல்லூரியிலும் உண்டாம். குடும்பத்தில் ஒருவர் எழுதித் தர வேண்டும், அப்போது வீட்டில் இருந்தவராக இருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்த டாக்டரின் கோப்பில் 'குடும்பத்தார் கவனித்துக்கொள்கின்றனர்' என்று மட்டும்தான் இருக்கிறது, யார் என்று இல்லை. அக்கம்பக்கத்தார் எழுதினால் செல்லாது. அப்பா கப்பலில் இருந்தார், ஜனவரி வரை. எஃப் எல்லாம் விழுந்தது டிசம்பரில்.

ஆக, காகிதத்தின்படி அந்தப் பருவத்தில் அம்மாவுடன் வீட்டில் இருந்தவன் நீ ஒருவன்தான். முத்திரைகூட இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, கேசி எதற்கென்று கேட்டாள்.

உன்னுடையதைக் கெடுக்கச் சொல்லவில்லை. நீ வீட்டில் இல்லை என்று எழுத வேண்டாம். 'அம்மாவைப் பார்த்துக்கொண்டது என் அக்கா ஐலா, அதனால்தான் அவள் கல்லூரிக்குப் போக முடியவில்லை' என்று இரண்டு வரி. அது உண்மையும்கூட. ஜூன் முடிவதற்குள் கொடுத்தால் செப்டம்பரில் எனக்கு இடம் இருக்கிறது.

இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

ஐலா


டெட்ராய்ட்
மே 27, 2018

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். அம்மாவின் பலகை பற்றி நீ எழுதியதை இப்போதைக்கு விட்டுவிடு.

உனக்கு நர்ஸ் ஆசை இருந்தது என்று தெரிந்திருந்தால் எப்போதோ உதவியிருப்பேன். இப்போதும் உதவத்தான் நினைக்கிறேன். ஆனால் நீ கேட்டபடி எழுதினால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசி. நான் பார்த்துக்கொண்டேன், அதனால் வகுப்புக்குப் போகவில்லை என்று ஒரு கல்லூரியில் கடிதம் இருக்கிறது, உன் கையெழுத்தோடு. என் அக்கா பார்த்துக்கொண்டாள், அதனால் அவள் போகவில்லை என்று இன்னொரு கல்லூரியில் என் கையெழுத்தோடு இருக்கும். இரண்டு வருடத்தில் நான் உங்கள் பக்கத்து மருத்துவமனைக்கே வருவேன். நீயும் அங்கேதான் பயிற்சிக்கு வருவாய். யாராவது ஒருவர், "உங்கம்மாவ யாரு பாத்துக்கிட்டது?" என்று இருவரையும் கேட்டால் போதும். பொய் என்று தெரிந்தால் கடைசி வருடத்தில்கூட வெளியே அனுப்புவார்கள். அப்போது உனக்கும் பிரச்சினை வரும், கடிதம் கொடுத்தது நீதானே. நான் மிரட்டவில்லை, இருக்கிறதைச் சொல்கிறேன்.

அதனால் இரண்டுக்கும் முரண் இல்லாமல் ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறேன், முத்திரையோடு. "என் தாயை நான் வீட்டிலிருந்து கவனித்துக்கொண்ட காலத்தில், என் அக்கா ஐலா எனக்கு மிகவும் உதவியாக இருந்தார்." நிறையப் புகழ்ந்துதான் எழுதியிருக்கிறேன். இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

போதவில்லை என்றாலும் கவலைப்படாதே. விண்ணப்பக் கட்டுரையில் மோசமான மதிப்பெண்ணைப் பற்றி நீயே எழுதலாம். இதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம். சுருக்கமாக எழுது, நாலைந்து வரிக்கு மேல் போகாதே. அழாதே. யார் மேலும் பழி போடாதே, தப்பு என்னுடையது என்று முதல் வரியிலேயே ஒத்துக்கொள். நோயைப் பற்றிச் சொல்லலாம், ஆனால் சாக்குப்போக்கு மாதிரி தெரியக் கூடாது. அதிலிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய் என்று முடி. இப்போது நன்றாகப் படிப்பேன் என்று காட்ட ஒன்றிரண்டு பாடம் புதிதாக எடுத்து ஏ வாங்கு. முதல் வரைவை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

ஆகஸ்ட் நான்காம் தேதி வெள்ளை அங்கி அணிவிக்கும் விழா. குடும்பத்தில் ஒருவர் மேடைக்கு வந்து மாணவனுக்கு அங்கியைப் போட்டுவிட வேண்டும். அப்பாவுக்கு லீவு கிடைக்காது. அம்மாவின் இடத்தில் நீ வந்தால் எனக்கு நிறைவாக இருக்கும்.

உன்
வெய்க்கோ


டாமரக் லேக்
ஜூலை 12, 2018

வெய்க்கோ,

உன் கடிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் கொடுக்காமலேயே இருந்தேன். பிறகு வேறு வழி தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுவைப் பார்க்கும் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் இரண்டு தடவை படித்தார்.

"உங்க தம்பி வீட்லயே இருந்து பாத்துக்கிட்டாரு, நீங்க ஒத்தாசைக்கு இருந்தீங்க. அப்படித்தானம்மா?"

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"முழு நேரமா ஒருத்தர் இருந்திருக்காரு. அப்ப நீங்க வகுப்புக்கு வந்திருக்கலாமே. வீட்லேர்ந்து கல்லூரி பத்து நிமிஷம்."

அவர் கேட்டது நியாயம். அந்தக் காகிதத்தைப் படிக்கிற யாரும் அதைத்தான் கேட்பார்கள். 'தம்பி வரவே இல்லை ஐயா' என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் இப்படி எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த கேள்வி வங்கி முத்திரையோடு நான் கொடுத்த கடிதம். நானும்தானே பொய் எழுதியிருக்கிறேன். பொய் எழுதிக் கொடுத்தவளை நர்ஸாக யார் சேர்ப்பார்கள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மனு தள்ளுபடி. செப்டம்பர் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது.

நீ சொன்னபடி கட்டுரையும் எழுதிப் பார்த்தேன். 'தப்பு என்னுடையது' என்று முதல் வரி எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று முடிக்கச் சொன்னாய். கற்றுக்கொண்டதை எழுதினால் உன் கல்லூரிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பயப்படாதே, அனுப்ப மாட்டேன். நீ டாக்டராக வா. நன்றாகத்தான் வருவாய். நோயாளி சொல்வதையெல்லாம் காதில் வாங்கி மறக்காமல் வைத்துக்கொள்ள உனக்குத் தெரியும்.

அங்கி போட வேறு ஆளைப் பார்த்துக்கொள். அம்மாவின் இடத்தில் வரச் சொல்கிறாய். அவள் படுக்கையில் கிடந்த நாட்களில் இந்த வீட்டில் அவள் இடத்தில் நின்றது நான்தான், பிறகு என் இடத்தில் உன் பெயரை எழுதி வாங்கிக்கொண்டாய். இனிமேல் எங்கேயும் யாருடைய இடத்திலும் என்னால் நிற்க முடியாது.

அந்த மூன்று பாடத்தையும் முதலிலிருந்து எடுக்கப் போகிறேன். கடை வேலை முடித்துவிட்டுப் போக வேண்டும், ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடியும். முப்பது தாண்டிவிடும். கேசி, "புது மதிப்பெண் பக்கத்துல வரும் அக்கா. ஆனா பழைய எஃப் அழியாது, கடைசி வரைக்கும் நிக்கும், பரவாயில்லையா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

நிற்கட்டும் என்றேன். உன்னுடையதை அழித்தாகிவிட்டது. டாக்டர் கோப்பில் பெயர் இல்லை. அப்பாவுக்கு நினைவில்லை, ஊருக்கு உன் பேச்சுதான் நினைவிருக்கிறது. அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே அத்தாட்சி அந்த மூன்று எஃப்தான்.

ஐலா